மோட்டார் சுற்றுகிறது, படகு நகரவில்லை: சின்ன மின் அவுட்போர்டில் ‘பின்’ ஒடிந்தால்

ஏரி நடுவில் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். எப்போதும் அடங்கிய குரலில் முனகும் மோட்டார் திடீரெனக் கீச்சென்று சுற்றுகிறது. படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. புதிதாக மின் மோட்டார் வாங்கியவர்கள் இந்த இடத்தில் ‘மோட்டார் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் போனது மோட்டார் அல்ல, விரல் நீளம்கூட இல்லாத ஓர் உலோகக் குச்சி. மாற்றுக் குச்சியும் ஒரு ஸ்பேனரும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் துடுப்புதான்.

படகின் ஓரத்தில் வெளியே மாட்டும் மோட்டாரைத்தான் அவுட்போர்டு என்கிறார்கள். இங்கே பேசப்போவது அதில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்களைப் பற்றி. 30 பவுண்டு, 40 பவுண்டு, 55 பவுண்டு என்று தள்ளுவிசையைக் குறிப்பிட்டு, ‘டிரோலிங் மோட்டார்’ என்ற பெயரில் விற்கிறார்களே, அவைதான். 55 பவுண்டு என்றால் ஏறத்தாழ 25 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கான தள்ளல். முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும்.

பெட்ரோல் அவுட்போர்டில் எஞ்சின் மேலே இருக்கும், படகைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்) கீழே இருக்கும். இதில் மோட்டாரே தண்ணீருக்குள் இருக்கிறது. நீளமான குழாயின் அடியில் சுரைக்காய் போல ஓர் உலோகக் கூடு. அதற்குள் காந்தமும், சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரும். கூட்டின் பின்பக்கமாக ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஷாஃப்டில் குறுக்காக ஒரு துளை. துளை வழியாக ஒரு குச்சி. அதுதான் பின். விசிறியின் முதுகில், அந்தக் குச்சி சரியாக உட்காருகிற மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். விசிறியைச் செருகி, வாஷர் போட்டு, நட்டை முடுக்கினால் முடிந்தது.

நட்டுதான் விசிறியைப் பிடித்துச் சுற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். விசிறி பின்னால் கழன்று விழாமல் தடுப்பது மட்டுமே நட்டின் வேலை. ஷாஃப்டின் சுழற்சியை விசிறிக்குக் கடத்துவது முழுக்க முழுக்க அந்தப் பின்தான். இதைப் புரிந்துகொண்டால் மேற்கொண்டு சொல்வதெல்லாம் சுலபம்.

ஏன் இவ்வளவு பலவீனமான ஒரு துண்டை நடுவில் வைத்தார்கள்?

வேண்டுமென்றேதான். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 50 ஆம்பியர் என்றால் 600 வாட் உள்ளே போகிறது. அதில் 400 வாட் ஷாஃப்டுக்கு வருகிறது, ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1300 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் முறுக்குவிசை 3 நியூட்டன் மீட்டர்தான். சோடா பாட்டில் மூடியை அழுத்தித் திறக்கிற அளவு. ஷாஃப்ட் 10 மி.மீ., பின் 4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு என்றால், அந்தப் பின்னை வெட்ட 38 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். அதாவது சாதாரண ஓட்டத்தில் பின்னுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பன்னிரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது.

விசிறி ஒரு பாறையிலோ தண்ணீருக்குள் கிடக்கும் மரத்திலோ மோதும்போது கதை மாறுகிறது. உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் எடை ஒரு கிலோ, ஆரம் மூன்றரை சென்டிமீட்டர் என்றால், அந்த வேகத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 6 ஜூல். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் விசிறி சட்டென நின்று, ஆர்மேச்சர் வெறும் 5 பாகை திரும்புவதற்குள் நிற்க வேண்டும் என்றால், அந்த ஆற்றல் 65 நியூட்டன் மீட்டர் முறுக்காக மாறுகிறது. 38-ஐத் தாங்கும் பின் ஒடிகிறது அல்லது வளைகிறது. அது ஒடியாவிட்டால் அடுத்து இருப்பவை விசிறியின் இறக்கை, ஷாஃப்ட், பேரிங். ஷாஃப்ட் வளைந்தால் மோட்டாரைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவில் பாதி மோட்டார் வாங்கிவிடலாம்.

பின் காப்பாற்றுவது திடீர் அடியிலிருந்து மட்டும்தான். ஆகாயத்தாமரை வேரோ வேலம்பாசியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி விசிறியை இறுக்கினால் பின் ஒடியாது; மோட்டார் திணறி, கரண்ட் ஏறி, ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷும் சுருளும் சூடாகும். அந்த ஆபத்துக்குக் காவல் பேட்டரி பக்கத்தில் இருக்கும் பிரேக்கர், அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச். 55 பவுண்டு மோட்டாருக்கு 50 அல்லது 60 ஆம்பியர் பிரேக்கர் போடச் சொல்கிறார்கள். மூன்றாவதாக ஓர் ஆபத்து உண்டு: விசிறிக்கும் கூட்டுக்கும் இடையில் போய்ச் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு. அதற்கு எந்தக் காவலும் கிடையாது. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

தண்ணீரிலேயே கண்டுபிடிப்பது

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. கை விசிறியில் இருக்கும்போது யாருடைய முழங்கையோ கைப்பிடியில் பட்டால் விரல் போய்விடும்.

மோட்டாரைத் தூக்கி விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால், காந்தம் இழுப்பதால் ‘டொக் டொக்’ என்று படிப்படியாகத் தடுத்துத் தடுத்துச் சுற்றும். பின் ஒடிந்திருந்தால் அந்தத் தடை தெரியாது, சைக்கிள் சக்கரம் போல வழுக்கிக்கொண்டு போகும். நட்டைக் கவனியுங்கள்: விசிறி சுற்றுகிறது, ஷாஃப்டின் முனை அசையாமல் நிற்கிறது என்றால் சந்தேகமே இல்லை.

விசிறி சுற்றவே மறுத்தால் பாசி, கயிறு, நரம்பு ஏதோ சிக்கியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இறுக்கமாக இருந்தால் பேரிங்கில் துரு. காந்தத் தடையோடு ஒழுங்காகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் சத்தமே இல்லை என்றால் விசிறிப் பக்கம் பார்ப்பதை விடுங்கள். பிரேக்கர், வயர் முனை, கார்பன் பிரஷ் ஆகியவற்றில்தான் கோளாறு.

ஐந்து வேக சுவிட்ச் உள்ள பழைய வகை மோட்டாருக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. பேட்டரியிலிருந்து கழற்றிய இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, சுவிட்சை 5-இல் வைத்து விசிறியைச் சுற்றுங்கள். முன்பைவிடத் தெளிவாகக் கனமாக இருந்தால் சுருள், பிரஷ், பின் மூன்றும் நலம். மோட்டாரே ஜெனரேட்டராகி, தன் கரண்டாலேயே தன்னைப் பிடித்து நிறுத்துகிறது. வேகத்தை எலக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்தும் மாடல்களில் இது வேலை செய்யாது.

பின் சரியாக இருந்தும் படகு நகராமல் மோட்டார் அலறுவதும் உண்டு. மோட்டார் மேலோட்டமாக இருந்தால் விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சி நுரையைத்தான் கடையும். ஆழத்தைக் கூட்டிப் பாருங்கள். மோட்டார் கூட்டின் தலை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இதைப் பார்க்காமல் நட்டைக் கழற்றி, அதைத் தண்ணீரிலும் விட்டவர்கள் நிறைய.

பின்னை மாற்றுவது

முடிந்தால் கரைக்கு வந்து செய்யுங்கள். படகிலேயே செய்ய வேண்டுமென்றால் மோட்டாரை உள்பக்கம் சாய்த்து, கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நட்டு, வாஷர், விசிறி, பின் என்று கழலும் வரிசையிலேயே துண்டில் வையுங்கள்.

ஒரு இறக்கையைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்ற வேண்டும். அமெரிக்க மாடல்களில் 1/2 அங்குலம் அல்லது 9/16 அங்குல ஸ்பேனர் பொருந்தும். பின் முழுதும் ஒடிந்திருந்தால் விசிறியைப் பிடித்துப் பயனில்லை, ஷாஃப்டும் நட்டோடு சேர்ந்து சுற்றும். அதற்காகவே மின் கோட்டா (Minn Kota என்ற அமெரிக்க பிராண்ட்) போன்ற மோட்டார்களில் ஷாஃப்டின் முனையில் ஒரு வெட்டு இருக்கும். அதில் தட்டை ஸ்குரூடிரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்றுங்கள்.

விசிறியை நேராகப் பின்னால் இழுத்தால் வர வேண்டும். வரவில்லையென்றால் ரப்பர் சுத்தியாலோ மரத்துண்டாலோ ஒவ்வொரு இறக்கையின் முதுகிலும் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அதன் முனை போய் உரசுகிற இடத்தில்தான், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் இருக்கிறது.

வளைந்த பின் துளையில் சிக்கிக்கொண்டால்தான் பொறுமை சோதிக்கப்படும். வளைந்த முனையை அரத்தால் ஷாஃப்ட் மட்டத்துக்குத் தேய்த்துவிடுங்கள். ஷாஃப்டின் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, துளையைவிடச் சற்று மெல்லிய எஃகுக் குச்சியை (‘பஞ்ச்’) வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் ஷாஃப்ட் வளையும். ஷாஃப்டின் முனையில் நேராக அடிப்பது அதைவிட மோசம். உள்ளே ஒட்டியிருக்கும் ஃபெரைட் காந்தம் பீங்கான் மாதிரி. அதிர்ச்சியில் விரிசல் விடும்.

ஒடிந்த துண்டுகளை எண்ணுங்கள். பின் வழக்கமாக ஷாஃப்டின் இரு ஓரங்களிலும் வெட்டுப்படுவதால் மூன்று துண்டு இருக்கும். நடுத்துண்டு துளைக்குள்ளேயே இருக்கும், ஓரத் துண்டு ஒன்று விசிறியின் காடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதுப் பின்னைப் போட்டால் விசிறி உட்காராது.

புதுப் பின்னில் தண்ணீரில் கரையாத கிரீஸை மெலிதாகப் பூசுங்கள். ஷாஃப்டைத் திருப்பித் துளை கிடைமட்டமாக இருக்குமாறு வைத்துக்கொண்டால் பின் கீழே வழுக்கி விழாது. இருபக்கமும் சம அளவு நீட்டிக்கொண்டிருக்கட்டும். விசிறியின் காடியையும் கிடைமட்டமாகப் பிடித்துச் செருகுங்கள். சரியாக உட்கார்ந்தால் ‘டக்’கென்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அந்த இறக்கம் தெரியாமல் நட்டைப் போடாதீர்கள். காடி பின்மேல் ஏறாமல் குறுக்கே நிற்கும்போது நட்டை முடுக்கினால், பிளாஸ்டிக் நடுப்பகுதி பிளந்துவிடும்.

நட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? மின் கோட்டா கையேடு சொல்வது, நட்டு தொட்டு நின்றபின் கால் சுற்று. அளவாகச் சொன்னால் 25 முதல் 35 அங்குல பவுண்டு, அதாவது 3 முதல் 4 நியூட்டன் மீட்டர். பைக் சக்கரத்து நட்டை முடுக்கிப் பழகிய கைக்கு இது நம்பவே முடியாத அளவு லேசாகத் தெரியும். அவ்வளவுதான் வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டாக இருந்தால், கையால் முடுக்கினாலே சுலபமாக ஓடும்போது அந்த நட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றிவிடுங்கள்.

தண்ணீரில் இறக்கி, குறைந்த வேகத்தில் முன்னே கொஞ்சம், ரிவர்ஸில் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸில் விசிறி நட்டைத்தான் பின்னால் தள்ளும், எனவே நட்டு சரியில்லாவிட்டால் அப்போதுதான் தெரியும். ஆழமில்லாத இடத்தில் இதைச் செய்தால், விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆணி போடலாமா?

மாற்றுப் பின் இல்லாதபோது எல்லோருக்கும் தோன்றுவது ஆணி. கரைக்கு வந்து சேரும்வரை, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், தவறில்லை. சாதாரண ஆணி மென்மையான இரும்பு, அடிபட்டால் வளையும். பித்தளைக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே அளவில் இருக்கிறதே என்று டிரில் பிட்டின் தண்டை வெட்டிப் போடுவதுதான் பெரிய தவறு. கடினப்படுத்திய எஃகு ஒடியாது. அடுத்த பாறையில் ஷாஃப்ட் வளையும். வீடு வந்ததும் ஆணியை எடுத்துவிடுங்கள். மறந்து விட்டால் துருப்பிடித்துத் துளையோடு ஒன்றாகிவிடும்.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க மோட்டார்கள் அங்குலக் கணக்கு. 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ. நம்மூர்க் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. கம்பி நுழையாது. 4.5 மி.மீ. நுழையும், ஆனால் ஆடும். கால் மில்லிமீட்டர் ஆட்டம்தானே என்று விட்டால், ஒவ்வொரு முறை முன்னே பின்னே மாற்றும்போதும் அது சுத்தியல் மாதிரி அடித்துத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். பழைய பின்னை வெர்னியரில் அளந்து, அசல் உதிரியையே வாங்குங்கள். லேத் பட்டறையில் கடையச் சொன்னால் விட்டம் மட்டுமல்ல, நீளமும் அதேதான் என்று சொல்லுங்கள். குட்டையான பின் காடியின் உள்விளிம்பில் மட்டும் அழுத்தி அதை மழுக்கிவிடும்.

பின் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறது

அப்படியென்றால் விசிறியின் காடி தேய்ந்திருக்கும். விசிறியை மாட்டிய நிலையில் ஷாஃப்டை அசையாமல் பிடித்து இறக்கை நுனியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 25 சென்டிமீட்டர் விசிறியில் நுனி ஒரு சென்டிமீட்டர் ஆடினால், காடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம். விசிறியை மாற்ற வேண்டிய நேரம். எபாக்ஸி வைத்து நிரப்புவது ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் பெரிய மின் அவுட்போர்டுகளில் பின்னுக்குப் பதில், அல்லது அதோடு சேர்த்து, விசிறியின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது விட்டுப்போனால் அறிகுறி வேறு: மெதுவாகப் போனால் தள்ளும், வேகம் கூட்டினால் வழுக்கும். கண்டுபிடிக்க ஒரு கோடு போதும். உள் புஷ்ஷிலிருந்து விசிறியின் உடல்வரை பெயின்ட் மார்க்கரால் நேர்கோடு இழுத்து, இரண்டு நிமிடம் வேகமாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது.

புதுப் பின் அடிக்கடி ஒடிகிறது என்றால் பாறையை மட்டும் குறை சொல்லாதீர்கள். முழு வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது சட்டென ரிவர்ஸ் போடும் பழக்கம் பின்னுக்கு எமன். பூஜ்யத்தில் ஒரு வினாடி நிறுத்திப் பிறகு மாற்றுங்கள். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்: விசிறியைக் கழற்றி, ஓர் ஆணியைக் கூட்டோடு சேர்த்து டேப்பால் ஒட்டி, அதன் முனை ஷாஃப்டின் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வளைவுதான்.

கியர் உள்ள மின் அவுட்போர்டில் ‘கடகட’ என்ற ஒலி கேட்டால் வீட்டில் பிரிக்க வேண்டாம். டார்கீடோ (Torqeedo) பிராண்டின் டிராவல் வகை மின் அவுட்போர்டில், திரையில் E05 வந்தால் விசிறியோ மோட்டாரோ சிக்கியிருக்கிறது என்று பொருள். சிக்கலை எடுத்துவிட்டு விசிறியைக் கையால் ஒரு சுற்று சுற்றியபின் மறுபடி இயக்கலாம். அடியில் கியர் ஆயில் உள்ள மாடல்களில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

நரம்பு

தூண்டில் நரம்பு, தங்கூசி, எப்படி அழைத்தாலும் சரி, அது விசிறியைச் சுற்றினால் வெளியே தெரியாது. விசிறிக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன இடுக்கில் போய், ஷாஃப்டைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். மோட்டார் நன்றாகத்தான் ஓடும். ஆனால் உராய்வில் நைலான் சூடாகி உருகி, கத்திபோல ஆயில் சீலின் உதட்டை அறுக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் துளித்துளியாகக் கூட்டுக்குள் போகும். பேரிங் துருப்பிடிக்கும், பிரஷ் தூள் தண்ணீரில் குழைந்து சேறாகும். சில வாரம் கழித்து மோட்டார் நிற்கும்போது, அந்த நரம்பு என்றைக்கு மாட்டியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து எடுத்ததும் விசிறிக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கைப் பாருங்கள். நரம்பு அதிகம் உள்ள நீர்நிலையில் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றியே பார்க்கலாம். நரம்பை எடுக்கும்போது பிளேடைப் பயன்படுத்தாமல், அது சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் பிரித்தெடுங்கள். உருகி ஒட்டியிருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள்.

தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு மல்டிமீட்டர் பதில் சொல்லும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டார் வயருக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். எல்லையில்லை என்று காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினால் உள்ளே ஈரமோ பிரஷ் தூளோ பாலம் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஓட்டாமல், சீல் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சீலின் விலை சொற்பம். தாமதித்தால் ஆர்மேச்சர் வாங்க வேண்டியிருக்கும்.

கடல்நீரிலும் கழிமுகத்திலும் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: சின்ன மோட்டார்களில் பல நன்னீருக்கு மட்டுமே ஆனவை. உப்புநீர் மாடலாக இருந்தாலும் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சில வாரங்களுக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பின்னில் கிரீஸ் பூசாவிட்டால், எஃகுப் பின்னும் மற்ற உலோகமும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து ஒன்றாக இறுகிவிடும். துத்தநாக அனோடு (மற்ற உலோகத்தைக் காக்கத் தான் கரையும் துண்டு) உள்ள மாடலில் அது பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலையே செய்யாது.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்: உங்கள் மோட்டாருக்கே உரிய பின் இரண்டு, நட்டு ஒன்று, வாஷர் ஒன்று, பொருந்துகிற ஸ்பேனர், தட்டை ஸ்குரூடிரைவர், குறடு, விரல் நுனியளவு கிரீஸ். டப்பாவை மிதக்கும் எதிலாவது கட்டி வையுங்கள். துடுப்பு டப்பாவில் அடங்காது. அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.